காய்ச்சல் என்று சொன்னால் கூலி போகக் கூடாது

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாங்கூழ் தொழிற்சாலை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது. மாம்பழம் முடிந்தால் கொய்யா, பப்பாளி, தக்காளி என்று வருடம் முழுக்க ஏதாவது ஓடும். நிரந்தர ஆட்கள் 22 பேர். சீசனுக்கு மேஸ்திரி மூலமாக 60 பெண்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மூன்று வேனில் வருகிறார்கள். நாள் கூலி 350 ரூபாய். ஒடிசா பையன்கள் 9 பேர் கம்பெனி ஷெட்டிலேயே தங்கியிருக்கிறார்கள். போன வாரம் கட்டிங்கில், அதாவது பழம் வெட்டும் இடத்தில், நிற்கும் ஒரு அம்மாவுக்கு கொரோனா பாசிட்டிவ் வந்தது. விசாரித்தால், மூன்று நாளாகக் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார். இப்போது அதே வேனில் வரும் 4 பேருக்கு இருமல். வாசலில் டெம்பரேச்சர் பார்க்கிறோம், சானிடைசர் வைத்திருக்கிறோம், தினமும் மருந்து அடிக்கிறோம். மேஸ்திரியோ, ‘காய்ச்சல்காரங்களை நிறுத்திடுங்க, வேற ஆள் விடறேன்’ என்கிறார். என் பொறுப்பு எதுவரை? வராத நாளுக்குச் சம்பளம் தர வேண்டுமா? ஆள் குறைவதால் 12 மணி நேர ஷிப்ட் போடலாமா? ஊசி போடாதவர்களை நிறுத்தலாமா? கட்டிங் ஹால் 40 அடிக்கு 25 அடி; ஒரு ஷிப்டில் 36 பேர் நிற்கிறார்கள்.
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம், ஜூன் 2021

பதில் (ஜூன் 2021 நிலவரப்படி): அன்புள்ள நண்பருக்கு,

ஹால் அளவு முதல் நாள் கூலி வரை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான விஷயம் நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விகள் இல்லை. அந்த அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு வந்த மூன்று நாள்தான்.

ஏன் வந்தார்? காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய 350 ரூபாய் போய்விடும். மறுநாள் அவர் இடத்தில் மேஸ்திரி வேறு ஆளை நிறுத்திவிடுவார். சீசனே இரண்டு, இரண்டரை மாதம். அந்தக் கூலியை நம்பித்தான் குழு லோன் தவணையும் ரேஷன் போக மற்ற சாமானும். ஆகவே விடியற்காலையில் ஒரு பாரசிட்டமால் போட்டார். காய்ச்சல் இறங்கியது. வாசலில் உங்கள் துப்பாக்கி மெஷின் அவருக்குப் பச்சை விளக்குக் காட்டியது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இந்த நோய் பரவும், சிலருக்குக் காய்ச்சலே வராது. அதனால் அந்த மெஷினை வைத்திருங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். தனக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் தெரிவது அந்த அம்மாவுக்குத்தான். அவர் வாய் திறந்து சொல்கிற மாதிரி வைத்துக்கொள்வதுதான் உங்கள் முதல் பொறுப்பு. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் மேஸ்திரி விஷயத்தை முடித்துவிடுவோம். தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன்படி ‘தொழிலாளி’ என்றால் நீங்கள் நேரடியாக வேலைக்கு வைத்தவர் மட்டும் இல்லை, ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவரும்தான். அதே சட்டத்தின் 7ஏ பிரிவு, வேலை செய்யும் அத்தனை பேரின் பாதுகாப்பு, உடல்நலம், நல்வாழ்வு மூன்றையும் நடைமுறையில் முடிந்த அளவுக்கு உறுதிசெய்வது ‘ஆக்குபையர்’, அதாவது தொழிற்சாலையின் முழுப் பொறுப்பில் இருப்பவரின் கடமை என்கிறது. அந்த ஆக்குபையர் நீங்கள்தான். மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘அவங்க மேஸ்திரி ஆளுங்க’ என்ற பேச்சு எந்த விசாரணையிலும் நிற்காது. மேஸ்திரி கூலி தராமல் இழுத்தடித்தால்கூட, ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இன்படி அதைத் தரவேண்டியவர் நீங்கள். ஆகவே அவரைக் கூப்பிட்டு, காய்ச்சல் என்று சொன்ன எந்தப் பெண்ணின் இடமும் போகாது, குணமானதும் அதே மேசைக்குத் திரும்ப வருவார் என்று 60 பெண்களும் கேட்கும்படி சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

இருமல் வந்த 4 பேரை இன்றே வீட்டுக்கு அனுப்புங்கள். கூலி உண்டு என்று சொல்லி அனுப்புங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். வந்த வேனிலேயே எல்லாரோடும் ஏற்றிவிட வேண்டாம். வட்டார மருத்துவ அலுவலருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ உடனே தகவல் கொடுங்கள். ‘சொன்னால் சீல் வைத்துவிடுவார்கள்’ என்ற பயம் புரிகிறது, பழம் வந்து குவிகிற நேரம் இது. ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்து அப்புறம் அதிகாரிகள் உங்கள் கம்பெனியைத் தேடி வருவதைவிட, நீங்களாகப் போய்ச் சொல்வது எல்லா வகையிலும் நல்லது. லேசான அறிகுறியோடு வீட்டில் இருப்பவர்கள், அறிகுறி தொடங்கி குறைந்தது 10 நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் தனிமை முடிந்தது என்பது மத்திய அரசின் ஏப்ரல் மாத வழிகாட்டுதல். நெருங்கிப் பழகியவர்களுக்கு 14 நாள்.

அடுத்தது காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் பணமும் உழைப்பும் இப்போது மருந்து அடிப்பதில் போய்க்கொண்டிருக்கிறது. கொரோனா காற்று வழியாகப் பரவுகிறது என்பது இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாகிவிட்டது. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் மே மாதம் வெளியிட்ட அறிவுரையில், மூச்சில் வரும் நுண்துளிகள் காற்றில் 10 மீட்டர் வரைகூடப் போகும், காற்றோட்டம் முக்கியம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஹாலின் நீளமே 12 மீட்டர்தான். தரையையும் மேசையையும் கழுவுவது எப்படியும் உணவுத் தொழிலில் செய்தாக வேண்டியது, அது போதும். ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கவே கூடாது என்று சுகாதார அமைச்சகம் போன வருடம் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அந்தக் காசில் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குங்கள்.

நீங்கள் தந்த அளவை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 40 அடிக்கு 25 அடி என்றால் 1,000 சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர். தொழிற்சாலைகள் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒரு ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்கிறது. கூரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் 4.2 மீட்டர் வரைதான் கணக்கில் சேரும். 93-ஐ 4.2-ஆல் பெருக்கினால் 390 கன மீட்டர். அதில் 27 பேர்தான் நிற்கலாம். நீங்கள் நிறுத்தியிருப்பது 36 பேரை. கொரோனா வராவிட்டாலும் 9 பேர் அதிகம். இது நோய்க்காலத்துக்காக வந்த புது விதி இல்லை, 1948-லிருந்து இருப்பது. கூரை 4.2 மீட்டருக்குக் குறைவு என்றால் 27-உம் குறையும்.

அந்த 9 பேரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. லோடு இறக்கும் ஷெட் பெரும்பாலான கூழ் கம்பெனிகளில் மூன்று பக்கமும் திறந்துதான் இருக்கும். அதில் ஒரு பகுதிக்கு நைலான் வலை கட்டி, தரையைக் கழுவி விடுகிற மாதிரி செய்து, ஒரு கட்டிங் மேசையை அங்கே கொண்டு போங்கள். வெட்டிய பழத்தை மூடிய டப்பில் உள்ளே தள்ளிக்கொள்ளலாம். ஹாலுக்குள் ஜன்னலைத் திறந்தால் ஈ மொய்க்குமே என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. தோத்தாபுரி மாம்பழ வாசனைக்கு ஈ வராமல் இருக்காது. ஜன்னலுக்கு வலை அடித்துத் திறந்து வையுங்கள், எதிர்ச் சுவரில் எக்ஸாஸ்ட் போடுங்கள். ஒரு பக்கம் காற்று உள்ளே வந்து மறுபக்கம் வெளியே போக வேண்டும். எக்ஸாஸ்ட் மட்டும் போட்டு உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. வலையில் தூசியும் நாரும் படிந்து அடைத்துக்கொள்ளும், வாரம் ஒரு தடவையாவது கழற்றிக் கழுவ வேண்டும். அப்புறம் அந்தப் பெரிய பெடஸ்டல் ஃபேன். புழுக்கத்துக்காக அதை மேசையின் ஒரு முனையில் வைத்து வரிசை நெடுகக் காற்று அடிக்க விடுவார்கள். முதலில் நிற்பவரின் மூச்சு கடைசியில் நிற்பவர் வரை போய்ச் சேருவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. அதைத் திருப்பி, ஆட்கள் பக்கத்திலிருந்து வெளி ஜன்னலைப் பார்த்து அடிக்கிற மாதிரி வையுங்கள்.

பழத்தைக் கூழாக்கும் பல்ப்பர் மெஷின் ஓடும்போது கட்டிங்கில் இருப்பவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். கத்திப் பேசும்போது மூச்சோடு வெளியே வரும் துளிகள் பல மடங்கு கூடும். இடையில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி மெஷினைப் பிரித்தால் காதுக்கும் நல்லது, நோய்க்கும் நல்லது. அது உடனே முடியாது என்றால், சூப்பர்வைசர் கத்தாமல் கை ஜாடையிலோ பலகையில் எழுதியோ சொல்லப் பழகட்டும். மாஸ்க் விஷயத்தில் ஒன்று. கட்டிங்கில் நிற்பவருக்கு வியர்வையும் ஆவியும் பழச்சாறும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் மாஸ்க் நனைந்துவிடும். நனைந்த மாஸ்க்கில் மூச்சு விட முடியாமல்தான் மூக்குக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள், திமிருக்காக இல்லை. ஆளுக்கு ஒரு ஷிப்டுக்கு மூன்று மாஸ்க் கம்பெனி செலவில் கொடுங்கள். மாற்றிக்கொள்ள வெளியே இடமும் ஐந்து நிமிஷமும் கொடுங்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள்.

உங்கள் ஹாலைவிட எனக்கு அதிகம் கவலை தருவது வேன்தான். 20 பேர், கண்ணாடி மூடி, முக்கால் மணி நேரம், வழியெல்லாம் பேச்சு. நோய் பரவியது அங்கேதான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. கண்ணாடியை எப்போதும் திறந்து வையுங்கள், மழை பெய்தால்கூட எதிரெதிரே இரண்டாவது திறந்திருக்கட்டும். முடிந்தால் இரண்டு நடையாக அடிக்கச் சொல்லுங்கள். டீசல் செலவு கூடும், தெரியும். அதோடு ஒரே வேனில் வருபவர்கள் ஒரே மேசையில் நிற்கட்டும், ஒன்றாகவே சாப்பிடட்டும். இப்படிப் பிரித்து வைத்தால், ஒருவருக்கு வந்தாலும் யார் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவோடு நின்றுவிடும். மற்ற மேசைகள் ஓடும். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றுவார்கள், குழம்பைப் பகிர்ந்துகொள்வார்கள். அதை அறைக்குள் வைக்காமல் வெளியே நிழலில், குழுக் குழுவாக, நேரம் மாற்றி வையுங்கள். நிழல் இல்லையென்றால் ஒரு தார்ப்பாய் கட்டினால் போதும்.

சம்பளக் கேள்விக்கு வருகிறேன். சட்டம் இந்த இடத்தில் முழுதாகத் துணைக்கு வரவில்லை. போன வருடம் மார்ச் 29-இல் எல்லாருக்கும் முழுச் சம்பளம் தரவேண்டும் என்று மத்திய உள்துறை போட்ட உத்தரவு, மே 18-லிருந்து நடைமுறையில் இல்லை. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றமும், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னது. தொழிற்சாலைகள் சட்டத்தின் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்குத்தான். சீசன் பெண்கள் அதில் வரமாட்டார்கள்.

இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருக்கிறதே என்பீர்கள். நிரந்தர ஆட்கள் 22 பேருக்கு மட்டும்தான் கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வருடம் முழுக்க ஓடும் கம்பெனி உங்களுடையது. மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் எல்லாருக்கும், மேஸ்திரி மூலம் வந்த தினக்கூலிப் பெண்களுக்கும் சேர்த்து, முதல் நாளிலிருந்தே பதிவு செய்தாக வேண்டும். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 350 ரூபாய் கூலிக்கு நாளைக்கு 11 ரூபாய் சொச்சம். அவர்கள் பங்கு 0.75 சதவீதம். பதிவானதும் வைத்தியம் கிடைக்கும். ஆனால் நோய்க்காலப் பணம், அதாவது கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை தருவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே வராது. பங்குத் தொகை கட்டும் ‘பங்களிப்புக் காலம்’ முடிந்து, அதற்குரிய பணம் பெறும் ‘பலன் காலம்’ வரும்போதுதான் வரும். ஆகவே இந்த சீசனில் காய்ச்சலில் படுக்கும் பெண்ணுக்கு அந்தப் பணம் இல்லை. கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கூலியில் 90 சதவீதத்தை மாதாமாதம் தரும் திட்டம் இப்போது வந்திருக்கிறது. அதற்கும் நோய் உறுதியாவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். சீசன் தொடங்கிய அன்றே பதிவு செய்திருக்க வேண்டியதன் அவசியம் இப்போது உங்களுக்கே தெரியும். இனியாவது தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் இந்த 10 நாள் கூலி யார் தருவது? நீங்கள்தான் தரவேண்டும் என்பது என் கருத்து. நோய் வந்த 5 பேருக்கு 10 நாள் என்றால் 17,500 ரூபாய். அதே வேனில் வந்த மற்ற 15 பேரை 14 நாள் வீட்டில் வைத்தால் 73,500. மொத்தம் 91,000. சின்னத் தொகை இல்லை. நோயாளிக்கு முழுக் கூலி, தொடர்பில் இருந்தவர்களுக்கு முழுசாக முடியாவிட்டால் பாதிக் கூலியும் ஒரு மூட்டை அரிசியும் என்று பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இதைத் தராமல் விட்டால் அடுத்த அம்மாவும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருவார். கட்டிங்கும் பல்ப்பரும் நின்று, பழுத்த பழம் வைக்கோலில் கிடந்து அழுகினால் எத்தனை 91,000 போகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேனையும் மேசையையும் குழுவாகப் பிரிக்கச் சொன்னதும் இதற்காகத்தான். குழு சிறியதாக இருந்தால் வீட்டில் உட்கார வைக்க வேண்டியவர்கள் குறைவு, செலவும் குறைவு.

12 மணி நேர ஷிப்ட் வேண்டாம். ஒரு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்பதுதான் சட்டம். கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு இந்த விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்குக் கொடுத்தபோது, 2020 அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு மாநில அரசாலேயே முடியாததை மேஸ்திரி பேச்சைக் கேட்டு நீங்கள் செய்ய முடியாது. சோர்ந்த கையில் கட்டிங் கத்தி இருப்பது எவ்வளவு ஆபத்து என்றும் யோசியுங்கள்.

ஊசி போடாதவர்களை நிறுத்தாதீர்கள். இது விருப்பத்தின் பேரில் போட்டுக்கொள்வதாகத்தான் இருக்கிறது. கட்டாயப்படுத்தினால் பொய்ச் சீட்டு வரும், அல்லது ஆள் வராது. ஜூன் 21-லிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் மத்திய அரசே இலவசமாகத் தரப்போகிறது. எந்த ஊரில் எப்போது டோக்கன் தருகிறார்கள் என்று கேட்டு உங்கள் வேனிலேயே அழைத்துப் போங்கள். போட்ட நாளுக்கும், காய்ச்சல் அடித்தால் மறுநாளுக்கும் கூலி கொடுங்கள். பாலூட்டும் தாய்மார்கள் போட்டுக்கொள்ளலாம் என்று மே மாதம் சுகாதார அமைச்சகம் சொல்லியிருக்கிறது. கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போட வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. பெண்களுக்குப் பயம் இருந்தால் அதட்டாதீர்கள். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஊசி போட்டவர் சொன்னால் கேட்பார்கள்.

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன ஒடிசா பையன்கள். 60 பெண்களுக்கும் திரும்பிப் போக வீடு இருக்கிறது, கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. இவர்களுக்கு உங்களை விட்டால் யாரும் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர் 5 பேரோ அதற்கு மேலோ இருந்தாலே 1979-ஆம் வருடச் சட்டம் பொருந்தும். தங்க ஒழுங்கான இடமும் இலவச வைத்தியமும் தரவேண்டும். அழைத்து வந்த ஒப்பந்தக்காரர் தரவில்லை என்றால் பொறுப்பு உங்கள் தலையில்தான் வரும். 9 பேரும் ஒரே ஷெட்டில் பாய் விரித்துப் படுத்தால் ஒருவருக்கு வந்தது ஒரே ராத்திரியில் எல்லாருக்கும் வரும். மூன்று பேராகப் பிரித்துப் படுக்க வையுங்கள். காலி டின் வைக்கும் குடோனிலோ அலுவலகத்தின் பின்பக்கத்திலோ ஜன்னலும் தனிக் கழிப்பறையும் உள்ள ஒரு அறையை இன்றே காலி செய்து, கட்டில், சுடுதண்ணீர், சார்ஜர் போட இடம் எல்லாம் தயாராக வையுங்கள். காய்ச்சல் வந்த பையனை அங்கே வைத்து மூன்று வேளைச் சாப்பாடு போக வேண்டும். ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி, அவனே பார்க்கத் தெரிந்துகொள்ளட்டும். அதில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் ராத்திரி எத்தனை மணியானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று வாட்ச்மேனுக்கும் சொல்லி வையுங்கள். அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவனை வைத்து எல்லா விவரத்தையும் ஒடியாவில் சொல்ல வையுங்கள். வீட்டு போன் நம்பரை ஒன்பது பேரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹால் மாற்றத்தில் சந்தேகம் இருந்தால் ஓசூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். ஹாலின் நீளம், அகலம், கூரை உயரம், ஜன்னல்கள், ஃபேன் இருக்கும் இடம், ஆள் நிற்கும் இடம் எல்லாம் குறித்து ஒரு தாளில் வரைந்து கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும். கேஸ் போட்டுவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம். குறையைச் சரிசெய்ய வழி கேட்டுத் தானாக வருபவரை நல்ல அதிகாரி யாரும் விரட்டமாட்டார். வரைபடத்தின் ஒரு நகலை எனக்கும் அனுப்பினால் எக்ஸாஸ்ட் எங்கே, எத்தனை வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.